கோள்சொல்லிக் கண்ணாடி

இந்தக் காலத்தில் எவனும் கதவைத் தட்டுவதில்லை. பால்காரன் பாட்டிலை வாசலில் வைத்துவிட்டு ஓடுகிறான். பாதிரியார் சீட்டு எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறார். உள்ளே ஆள் இருக்கிறது, கெண்டியில் தண்ணீர் கொதிக்கிறது, வானொலி கத்துகிறது. விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினால் கை என்ன தேய்ந்தா போய்விடும்? புதன்கிழமை சாயங்காலம் நகராட்சிக்காரனும் அதையேதான் செய்தான். வாளியில் பசை கொண்டுவந்து, ரூபன் ஹிஸ்காக்ஸின் பச்சைக் கதவு நடுவில் ஒரு காகிதத்தை அறைந்து ஒட்டிவிட்டு, சைக்கிள் ஏறிப் போய்விட்டான்.

மறுநாள் காலை அந்தக் காகிதம், கூடவே உரிந்து வந்த பச்சை வண்ணத்தோடு, மிஸ் யூனிஸ் ட்ராஸ்க்கின் மேசைமேல் கிடந்தது.

'ஆபத்தான கட்டடம்: டக்கர்ஸ் வரிசை, ஆறு வீடுகளும். செவ்வாய்க்கிழமைக்குள் காலி செய்க. ஒப்பம்: லயனல் ஸ்வெய்ன், நகர ஆர்க்கிடெக்ட்.'

மிஸ் ட்ராஸ்க் பித்தான் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் தொழில் நடத்தினார். அதற்கு முன் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக, எரிந்துபோன வீடுகளுக்குள் நுழைந்து யார் கொளுத்தியது என்று பார்த்துச் சொல்லும் வேலை. நெட்டையான பெண்மணி. அறையில் கணப்பு வேலை செய்யாததால் உள்ளேயும் ஆண்கள் போடும் மழைக்கோட்டு. அவருக்குத் துணையாக மேவிஸ் பக்கில் என்று உருண்டையாக ஒருத்தி. சினிமாக் கொட்டகையில் சீட்டுக் கிழித்தவள். படம் பார்த்துப் பார்த்து, எதிரே வருகிறவன் எல்லாம் கொலைகாரன் என்ற முடிவுக்கு வந்திருந்தாள்.

ரூபனுக்கு இருவர்மேலும் நம்பிக்கை இல்லை. போலீசுக்குப் போனால் போலீஸ் நகராட்சிக்காரனோடு சேர்ந்து பீர் குடிக்கிறது. வக்கீலிடம் போனால் வக்கீலின் மைத்துனன் நகராட்சியில் இருக்கிறான். வேறு போக்கிடம் இல்லாமல்தான் இந்த மாடிப்படி ஏறியிருந்தார்.

"உட்காருங்க" என்றார் மிஸ் ட்ராஸ்க்.

"நின்னே சொல்றேன். டக்கர்ஸ் வரிசைல அஞ்சாம் நம்பர் வீடு. எங்க அப்பன் அதுலதான் செத்தான், நானும் அதுலதான் சாவேன். பின் சமையலறைச் சுவத்துல ஒரு விரிசல் இருக்கு. நான் பொறக்கறதுக்கு முன்னாலேருந்து இருக்கு. போன அக்டோபர்ல அந்த ஸ்வெய்னோட ஆளு காட்ரெல்னு ஒருத்தன் வந்து, விரிசலுக்குக் குறுக்கால ரெண்டு கண்ணாடித் துண்ட ஒட்டிட்டுப் போனான். சுவரு நகந்தா கண்ணாடி உடஞ்சுடுமாம். கோள்சொல்லின்னு பேரு வெச்சிருக்கானுங்க. நேத்து வந்து பாத்தான். ஒண்ணு உடஞ்சிருந்துச்சு. சாயங்காலமே இந்தக் காகிதம்."

"அப்ப சுவர் நகர்ந்திருக்கணும்."

"நகரல."

"எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

மிஸ் ட்ராஸ்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சமையலறைக்குள்ள யாரெல்லாம் வந்து போனாங்க?"

"எவனும் வரல. பின் கதவுக்குத் தாழ்ப்பா. முன் கதவுக்குப் பூட்டு. ஒரு ஈ காக்கா உள்ள வராது. மாசத்துக்கு ஒரு தடவ காட்ரெல் வருவான். அவன் போற வரைக்கும் பக்கத்துல நின்னுட்டே இருப்பேன்."

"அப்ப காட்ரெல்தான்!" மேவிஸ் துள்ளி எழுந்தாள். "ஸ்வெய்ன் சொன்னான், காட்ரெல் செஞ்சான். கிளம்பு யூனிஸ்!"

"அவரு பக்கத்துல நின்னுட்டு இருந்தேங்கறாரே, மேவிஸ். கேக்கலையா?" மிஸ் ட்ராஸ்க் எழுந்தார். "மிஸ்டர் ஹிஸ்காக்ஸ், உடைஞ்ச கண்ணாடிய நீங்க எப்பப் பார்த்தீங்க?"

"நேத்து அவன் காட்டினப்பதான். நான் அந்தப் பக்கம் திரும்பறதே இல்ல. அது என்ன என் கண்ணாடியா? நகராட்சிக் கண்ணாடி. நாற்காலியக்கூடத் திருப்பிப் போட்டுட்டேன்."

மிஸ் ட்ராஸ்க் தலையாட்டிவிட்டுக் கதவைத் திறந்தார். ஆனால் அவர் முகத்தில் ஏதோ ஓடி மறைந்ததை ரூபன் கவனித்தார். ஓடியது பிடிக்கவில்லை.

*

டக்கர்ஸ் வரிசையில் ஆறு வீடுகள். தேன் நிறக் கல்லில் கட்டியவை. நிலக்கரிப் புகை ஏறி, இப்போது அடுப்பிலிருந்து இறக்கிய பானைபோலக் கறுத்திருந்தன. ஆல்டர்மின்ஸ்டர் பேராலயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றன.

பின் சமையலறையின் மூலையில், துணி வேகவைக்கும் செப்பு அண்டா செங்கல் மேடையில் பதிக்கப்பட்டிருந்தது. திங்கட்கிழமை தவறாமல் அதற்குக் கீழே நெருப்பு மூட்டுவார் ரூபன். மனைவி இருந்தபோது அவள் மூட்டினாள். இந்த ஊரில் திங்கட்கிழமை என்றால் அதுதான். அந்த ஆவியில் சுவரின் வெள்ளை எல்லாம் பொரிந்து உதிர்ந்திருந்தது. அதற்கு நடுவே அந்த விரிசல். கூரையடியில் கட்டைவிரல் நுழையும். கீழே வரவர மெலிந்து, இடுப்புயரத்தில் ஒரு நூல் அளவு.

மேல் கண்ணாடி கூரைக்குப் பக்கத்தில் இருந்தது. கீழ்க் கண்ணாடி இடுப்புயரத்தில். இரண்டும் விரல் நீளப் பட்டைகள். ஒவ்வொன்றும் இரண்டு முனைகளிலும் ஒரு பிடி வெள்ளைச் சாந்தால் சுவரோடு ஒட்டப்பட்டு, சாந்தின்மேல் பென்சிலால் தேதி எழுதப்பட்டிருந்தது.

"மேலே ஏறிப் பாரு, மேவிஸ்."

மேவிஸ் நாற்காலிமேல் ஏறினாள். நாற்காலி முனகியது.

"என் நாற்காலிய உடைச்சா அதுக்கும் காகிதம் ஒட்டுவானுங்க" என்றார் ரூபன்.

"வாய மூடுங்க, மிஸ்டர் ஹிஸ்காக்ஸ். யூனிஸ், இது முழுசா இருக்கு. ஒரே அழுக்கு. அக்டோபர் பன்னெண்டுன்னு ஊதாக் கலர்ல எழுதியிருக்கு. எழுத்து லேசா ஒழுகியிருக்கு."

மிஸ் ட்ராஸ்க் கீழே குனிந்து மற்றதைப் பார்த்தார். அதே அக்டோபர் பன்னிரண்டுதான். சாம்பல் நிறத்தில், தெளிவாக இருந்தது. கண்ணாடி சரியாக விரிசலின் மேலேயே இரண்டாகப் பிரிந்திருந்தது. உடைந்த விளிம்பில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். நகம் எங்கும் தடுக்கவில்லை. அளவுகோல் வைத்துக் கிழித்த கோடுபோல் நேராக ஓடியது.

அந்த நேரம் முன் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. இடைகழியில் ஒரு கால் அழுத்தியும் ஒரு கால் இழுத்தும் நடந்துவரும் ஓசை. பக்கத்து வீட்டு ஐவி டான்சி, ஈரத் துணி போர்த்திய தட்டோடு சமையலறைக்குள் வந்து நின்றாள். எழுபது வயதுக்காரி, ஒரு பக்க இடுப்பு வீணாகிப் பல வருஷம் ஆகியிருந்தது.

"யோவ் கிழவா, பொம்பளைங்கள வீட்டுக்குக் கூட்டியாந்திருக்க, சொல்லவே இல்ல? ஒரு துண்டு கேக்குதான் கொண்டுவந்தேன்."

"ரெண்டும் துப்பறியுதுங்க. ஸ்வெய்ன் கண்ணாடிய உடைச்சத நிரூபிக்கப் போறாங்க."

"அப்படியா?" ஐவி சுவரைப் பார்த்தாள், பிறகு மிஸ் ட்ராஸ்க்கைப் பார்த்தாள். "எல்லாரும் என் வீட்டுக்கு வாங்க. இவன் வீட்டுத் தேத்தண்ணி பீப்பாய் கழுவின தண்ணி மாதிரி இருக்கும். நாப்பது வருஷம் பீப்பாய் உருட்டினவன் வேற எப்படிப் போடுவான்?"

ஐவியின் சமையலறையில் எல்லாமே ரூபன் வீட்டைப்போலத்தான், கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலமாக. சுவரில் ஆணியடித்துத் தகரக் குளியல் தொட்டி தொங்கியது. கழிப்பறை கொல்லைக் கோடியில். அங்கு போகும் கல்பாதையில் பிடித்துக்கொண்டு நடக்க யாரோ கயிறு கட்டியிருந்தார்கள். கெண்டிக்கு மேலே, செய்தித்தாளிலிருந்து வெட்டிய படம் ஒன்று: ஆற்றுக்கு அந்தப் பக்கம் எழும்பும் அடுக்குமாடி வீடுகளில் ஒரு குளியலறை, சுடுநீர்க் குழாயோடு.

"வெளியே இவ்வளவு காத்தடிக்குது, உங்க ஜன்னல் ஒண்ணுகூட ஆடலையே" என்றார் மிஸ் ட்ராஸ்க்.

"ஆல்ஃபி மாட்டின கண்ணாடி. என் வீட்டுக்காரர். பேராலயத்துக்கே அவர்தான் கண்ணாடி மாட்டுவார். ஒரு கை புடிக்க எப்பவும் நான் கூடவே போவேன்." பன்றிக்கொழுப்புக் கேக்கை வெட்டி, ஒவ்வொரு துண்டாக ஒரு தட்டைக் கத்தியால் தூக்கித் தட்டில் வைத்தாள். ஜன்னல் கண்ணாடிக்கு மக்கு தடவுகிற கத்தி அது. "இது அவரோடதுதான். கேக்குக்கு இதவிட நல்ல கத்தி கிடையாது."

மேவிஸ் இரண்டு துண்டு தின்றாள். ரூபன் மூன்று தின்றார். மிஸ் ட்ராஸ்க் தேநீரை மட்டும் குடித்தார்.

*

நகரசபைக்கு ரூபனும் கூடவே போனார். தன் முதுகுக்குப் பின்னால் யார் யாரோடு பேசினாலும் அது தனக்கு எதிராகத்தான் என்பது அவர் கணக்கு.

லயனல் ஸ்வெய்ன் புள்ளி போட்ட கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் மேசைமேல் புதிய ஆல்டர்மின்ஸ்டர் அட்டையில் நின்றது: வெள்ளைப் பெட்டிகள், கடற்பஞ்சில் வெட்டிய மரங்கள், தீக்குச்சி உயர மனிதர்கள். டக்கர்ஸ் வரிசை இருக்கவேண்டிய இடத்தில் கார் நிறுத்துமிடம் இருந்தது. ஓரமாக நின்ற உதவியாளர் காட்ரெல்லுக்கு முப்பது வயதிருக்கும். கீழுதடு ஊதாவாக இருந்தது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நாக்கில் தொட்டு, ஏதோ ஒரு வரைபடத்தில் குறித்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டான்.

"மிஸ்டர் ஹிஸ்காக்ஸ்" என்றார் ஸ்வெய்ன், "இந்த ஊருக்கு இருநூறு வருஷமா ஒரு ஆர்க்கிடெக்ட் இருந்துட்டேதான் இருக்கார். நீங்க குடியிருக்கற வரிசையக் கட்டினதே அந்தப் பதவியில இருந்தவர்தான். அவர் நாற்காலியிலதான் நான் உக்காந்திருக்கேன். எனக்கு அக்கறை இல்லைன்னு நினைக்காதீங்க."

"அவருக்கு ஒரு தொப்பி. கட்டினார். உங்களுக்கு ரெண்டு. காலையில பழச காப்பாத்தற தொப்பி, மத்தியானம் இடிக்கற தொப்பி. எந்த நேரம் எது தலையில இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

காட்ரெல் இருமினான். ஸ்வெய்ன் சிரிக்க முயன்றார்.

"போன வருஷம் அந்த வரிசைய இடிக்க அரசாங்கத்துகிட்ட அனுமதி கேட்டேன். குடுக்கல. பாதுகாக்கப்பட்ட கட்டடம்னுட்டாங்க. நானும் விட்டுட்டேன். ஆனா ஆபத்துன்னு வந்துட்டா சட்டம் வேற. சுவர் ஆளுங்கமேல விழற வரைக்கும் காத்திருக்க முடியாது."

"அங்க இருக்கறவங்க எங்க போவாங்க?" என்று கேட்டார் மிஸ் ட்ராஸ்க்.

"புது அடுக்குமாடிக்கு. ஆபத்துன்னு முத்திரை விழுந்த வீட்டுக்காரங்களுக்குத்தான் முதல் இடம். மத்தவங்க காத்திருக்கணும்."

"பாதுகாக்கப்பட்ட வீட்டுல இருக்கறவங்க?"

"அவங்களுக்கு இடமே இல்ல. நல்ல வீடுன்னுதானே பாதுகாக்கறோம்."

"அந்தச் சுவரை நீங்க பார்த்தீங்களா, மிஸ்டர் ஸ்வெய்ன்?"

ஸ்வெய்ன் கழுத்துப்பட்டையைத் தொட்டார். "காட்ரெல் பார்த்தார். அவர் சொன்னார், நான் கையெழுத்துப் போட்டேன். அப்படித்தான் ஆபீஸ் நடக்கும்."

"கண்ணாடி உடைஞ்சிருந்தா உடைஞ்சதுன்னு சொல்லணும், மேடம்" என்றான் காட்ரெல். "அதுக்குமேல எனக்கு வேலை இல்ல."

"திங்கட்கிழமை காலையில நீங்க ரெண்டு பேரும் அந்தச் சமையலறைக்கு வரணும். சுவர் நகர்ந்துதா இல்லையான்னு அங்கேயே காட்டறேன். பென்சிலையும் கொண்டுவாங்க, மிஸ்டர் காட்ரெல்."

படியிறங்கும்போது ரூபன் முணுமுணுத்தார். "திங்கக்கிழமையா? துணி வேகவைக்கற நாளு. ஒருத்தர் மொகம் ஒருத்தருக்குத் தெரியாது."

"அதனாலதான்" என்றார் மிஸ் ட்ராஸ்க்.

*

திங்கட்கிழமை காலை அண்டா கொதித்துக் குமுறியது. சமையலறை முழுக்க வெள்ளை ஆவி. சுவரில் நீர் கோடு கோடாக வழிந்தது. ஸ்வெய்னின் கழுத்துப்பட்டை தொய்ந்து விழுந்தது. காட்ரெல் கதவோரம் நின்றான். அழைக்காமலே ஐவியும் வந்து, அண்டாவுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேவிஸ் பின் கதவை மறித்து நின்றாள். யாராவது ஓடினால் பிடிக்கலாம் என்ற ஆசை அவள் முகத்தில் தெரிந்தது.

"மிஸ்டர் காட்ரெல், சுவத்துல இன்னைக்குத் தேதிய எழுதுங்க."

காட்ரெல் பென்சிலை நாக்கில் தொடப் போனான்.

"தொடாம."

எழுதினான். சாம்பல் நிற எழுத்து. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவி அதன்மேல் படிந்தது. ஓரத்தில் ஒரு நீலம் தெரிந்தது. பிறகு எழுத்து மொத்தமும் ஊதாவாகி, மெல்ல ஒழுகத் தொடங்கியது.

"ஈரம் பட்டா ஊதாவாகற பென்சில்" என்றார் மிஸ் ட்ராஸ்க். "உங்க உதட்டைப் பார்த்தாலே தெரியுது. அக்டோபர்லேருந்து இந்த அறையில எத்தனையோ திங்கட்கிழமை போயிருக்கு. மேல் கண்ணாடியில நீங்க எழுதினது ஊதாவா ஒழுகியிருக்கு. கீழே இருக்கறதைப் பாருங்க."

ஸ்வெய்ன் குனிந்தார். அந்தச் சுவரை அவர் முதல்முதலாகப் பார்ப்பது அப்போதுதான். நீர் வழிந்தோடும் சாந்தின்மேல் அக்டோபர் பன்னிரண்டு, நிறம் மாறாமல் சாம்பலாகவே நின்றது.

"இது சாதாரண பென்சில். காட்ரெல் எழுதினதில்ல. அவர் ஒட்டின கண்ணாடிய யாரோ பேத்து எடுத்துட்டு, இன்னொண்ணை ஒட்டி, தேதியப் பார்த்து எழுதியிருக்காங்க. அது உடைஞ்சதில்ல, வெட்டினது. தானா உடையற கண்ணாடி இவ்வளவு நேராப் போகாது. கண்ணாடி வெட்டற வைரமுனையால கோடு போட்டு, ரெண்டாக்கி, விரிசல்மேல பொருத்தியிருக்காங்க. இன்னொண்ணு. விரிசல் மேலேதான் அகலம். சுவர் நகர்ந்திருந்தா மொதல்ல போகவேண்டியது மேல் கண்ணாடி. அது முழுசா இருக்கு. அதனால இந்தச் சுவர் நகரவே இல்ல."

"நான் சொன்னேன்ல?" என்றார் ரூபன். "ரெண்டு தொப்பிக்காரன் செஞ்ச வேல!"

"காட்ரெல்தான் தன் பென்சில மறந்துட்டு..." என்று தொடங்கினாள் மேவிஸ்.

"காட்ரெல் ஆறடி உயரம், மேவிஸ். தொழில் தெரிஞ்சவர். அவருக்குப் பொய் சொல்லணும்னா மேல் கண்ணாடியத்தான் வெட்டியிருப்பார். மேலே இருக்கறதை விட்டது, நாற்காலிமேல ஏற முடியாத ஒருத்தர்." மிஸ் ட்ராஸ்க் யாரையும் பார்க்காமல், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். "மிஸ்டர் ஹிஸ்காக்ஸ், ஒரு ஈ காக்காகூட உள்ளே வரலைன்னீங்க. வியாழக்கிழமை உங்க முன் கதவு, தட்டாமலே திறந்துது. சொந்தச் சாவி."

"அது ஐவி. ஐவி எல்லாம் கணக்கா? செவ்வாக்கிழம நான் ஸ்கிட்டில்ஸ் ஆடப் போனா பூனைக்குச் சோறு வெக்க..."

ரூபனின் வாய் திறந்தபடி நின்றது. அண்டா மட்டும் குமுறிக்கொண்டிருந்தது.

"நான்தான்" என்றாள் ஐவி. முக்காலியிலிருந்து எழவில்லை, குரலும் இறங்கவில்லை. "செவ்வாக்கிழம செஞ்சேன். ஆல்ஃபியோட வைரமுனை இன்னும் வெட்டுது. என்ன இப்போ? தூக்குல போடுவீங்களா?"

"ஐவி..."

"நீ சும்மா இரு, ரூபன். இந்த மனுஷனோட ஆபீசுக்கு நாலு தடவ நொண்டிக்கிட்டுப் போனேன். மழையில, பனியில, ராத்திரி கயித்தப் புடிச்சுட்டுக் கொல்லைக்குப் போறேன், ஒரு நாள் விழுந்து அங்கேயே கெடப்பேன்னு சொன்னேன். உங்க வீடு பாதுகாக்கப்பட்ட வீடும்மா, அதத் தொட முடியாது, உங்களுக்கு வேற வீடும் குடுக்க முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. வீட்டுக்குப் பாதுகாப்பு இருக்கு. எனக்கு? சுவரு ஆபத்துல இருந்தாத்தான் நான் குளிக்கலாம்னா, சுவரு ஆபத்துல இருந்துட்டுப் போகட்டும்!"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார் ரூபன்.

"போன வருஷம் சொன்னேன். தகரத் தொட்டிக்கு என்ன குறைச்சல்னு கேட்ட."

ரூபன் தரையைப் பார்த்தார்.

"உனக்கும் சேத்துத்தான் கேட்டு வெச்சிருக்கேன்" என்றாள் ஐவி, சற்றுத் தணிந்து. "அந்த அடுக்குமாடியில பக்கத்துப் பக்கத்து வீடா வேணும்னு. நீ வரமாட்டேன்னு தெரியும். இருந்தாலும் கேட்டு வெச்சேன்."

ஸ்வெய்ன் நிமிர்ந்து நின்று தொண்டையைச் செருமினார். "உத்தரவை ரத்து பண்றேன். வரிசை நிக்கும். ஆனா நகராட்சி வெச்ச கண்ணாடிய மாத்தி வெக்கறது குற்றம். இதை நான் போலீஸ்ல சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லுங்க" என்றார் ரூபன்.

அவர் ஐவிக்கும் ஸ்வெய்னுக்கும் நடுவே வந்து நின்றிருந்தார். பீப்பாய் உருட்டிய தோள் இன்னும் ஒரு கதவை அடைக்கும் அகலம்தான்.

"போலீச வரச் சொல்லுங்க. நான் சொல்றேன். என் சமையலறை. என் முழங்கை பட்டு உடஞ்சுது."

"மிஸ்டர் ஹிஸ்காக்ஸ், அந்த அம்மாவே இப்ப எல்லார் முன்னாலயும்..."

"எனக்குக் காது மந்தம். அண்டா வேற கத்துது. எனக்கு ஒண்ணும் கேக்கல. உனக்குக் கேட்டுச்சா, காட்ரெல்?"

காட்ரெல் தன் மேலதிகாரியைப் பார்த்தான். முக்காலியில் உட்கார்ந்திருந்த கிழவியைப் பார்த்தான். ஊதா உதட்டை ஒருமுறை நக்கினான். "ஆவியில ஒண்ணும் சரியாத் தெரியல" என்றான்.

ஸ்வெய்ன் மிஸ் ட்ராஸ்க்கிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, மேடம். நீங்கதானே கண்டுபிடிச்சீங்க?"

"இவர் என்னை வேலைக்கு வெச்சது சுவர் நகர்ந்துதா இல்லையான்னு சொல்ல." மிஸ் ட்ராஸ்க் மழைக்கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டார். "நகரலை. அதோட என் வேலை முடிஞ்சுது. ஆனா போலீசுக்குப் போனா ஒண்ணு கேப்பாங்க. ஆறு குடும்பத்தை வெளியேத்தற உத்தரவுல, சுவரைப் பாக்காமலே எப்படிக் கையெழுத்துப் போட்டீங்கன்னு."

ஸ்வெய்ன் தொய்ந்த கழுத்துப்பட்டையை அவிழ்த்துக் கையில் சுருட்டினார். அட்டை நகரத்தில் இருந்த தீக்குச்சி மனிதர்களின் நினைவு ரூபனுக்கு வந்தது. அவர்களில் எவனுக்கும் இடுப்பு வலி இருக்காது.

"தரைத்தள வீடு ஒண்ணு ஒதுக்கலாம்" என்றார் ஸ்வெய்ன் கடைசியில். "மருத்துவக் காரணம்னு. இந்த வரிசையிலயும் உள்ளேயே குளியலறை போட ஒரு திட்டம் என்கிட்ட ரொம்ப நாளா இருக்கு. கல்லத் தொடாம பின்பக்கமா போடலாம். நிஜமாவே இருக்கு. வாக்குக் குடுக்கறேன்."

"எந்தத் தொப்பி குடுக்குது?" என்றார் ரூபன்.

ஸ்வெய்ன் கழுத்துப்பட்டையைச் சட்டைப்பையில் திணித்தார்.

"சரி, வாக்கு வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் அண்டாவுல தண்ணி கொதிச்சுட்டுத்தான் இருக்கு. துணி அப்புறம் வேகட்டும். காட்ரெல், பக்கத்து வீட்டுல போய் அந்தத் தகரத் தொட்டிய ஆணிலேருந்து எடுத்துட்டு வா. பயப்படாத, சுவரு தாங்கும். ஐவி, பின்கதவுக்குத் தாழ்ப்பா போட்டுக்க. மத்தவங்க எல்லாம் வெளியே நடங்க. ஒரு பொம்பள குளிக்கப் போறா."

ஐவி வாயைத் திறந்தாள், மூடினாள். எதையோ திட்ட ஆரம்பித்து விட்டுவிட்டாள்.

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ரூபன் தெருவில் இறங்கினார். பெல் மதுக்கடை திறக்கும் நேரம். மேவிஸ் மூச்சிறைக்கப் பின்னால் ஓடிவந்தாள்.

"மிஸ்டர் ஹிஸ்காக்ஸ்! ஒண்ணே ஒண்ணு. இப்பவாவது ஒத்துக்குவீங்களா? ஸ்வெய்ன் உடைக்கலதானே? கடைசி வரைக்கும் நானும் அவர்தான்னு நினைச்சேன். ஆனா யூனிஸ் எவ்வளவு அழகா நிரூபிச்சுட்டா, பாருங்க."

ரூபன் நடையை நிறுத்தவில்லை.

"கண்ணாடிய வெட்டினது ஐவி கை. சரி. அவள வெட்ட வெச்ச கை எது? அதுக்கும் ஊதா ஏறற பென்சில் ஏதாவது இருக்கான்னு உங்க மிஸ்கிட்டக் கேளுங்க."

மேவிஸ் நின்றுவிட்டாள். ரூபன் ஆற்றங்கரைப் பக்கம் திரும்பி, தலையை ஆட்டி ஆட்டித் தனக்குள் எதையோ மறுத்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தார்.